நோயாளி ஒருவர், படுத்தவர்கள் இருவர்: அரசு மருத்துவக் காப்பீட்டின் இடைவெளிகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் முதல் 2024 பிப்ரவரி வரை ஒரு குடும்பத்துக்கு நடந்தவை இங்கே பதிவாகின்றன. குடும்பத்தாரின் ஒப்புதலோடுதான் எழுதுகிறோம். ஊர், பெயர், மருத்துவமனை எதையும் குறிப்பிடவில்லை. மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து நடத்தும் உதவிக் குழு எங்களுடையது. காப்பீட்டு அட்டை எடுத்துத் தருவதும், மனு எழுதிக் கொடுப்பதும் எங்களுக்கு அன்றாட வேலை. அட்டை இருந்தால் எது தீரும், இருந்தும் எது தீராது என்பது இந்த ஒரு குடும்பத்தில் துலக்கமாகத் தெரிந்தது.

பின்னணி

கொங்குப் பகுதியில் ஒரு தாலுகா ஊர். பெரியவருக்கு வயது 67. நாற்பது வருடம் தறி ஓட்டியவர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. கூட இருப்பவர் இளைய மகன், வயது 36. பிறவியிலேயே பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி; மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் இல்லாத நிலை). ஊனச் சதவீதம் 80. சக்கர நாற்காலியில்தான் இருப்பார். பேசுவது குறைவு, ஆனால் எல்லாம் புரியும். கிரிக்கெட் ஓடும்போது டிவியை யாரும் மாற்றிவிட முடியாது.

மூத்த மகன் வேறொரு ஊரில் நூற்பாலையில் சூப்பர்வைசர். சம்பளம் 18,000. மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதம் 4,000 அப்பாவுக்கு அனுப்புகிறார். இளையவருக்கு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 வருகிறது (2023 ஜனவரிக்கு முன் 1,500). வீட்டு வருமானம் இவ்வளவுதான்.

இளையவரைக் குளிப்பாட்டுவது, கழிவறைக்குத் தூக்கிப் போவது, சோறு ஊட்டுவது எல்லாமே பெரியவர். விழுங்குவதில் சிரமம் இருப்பதால் ஊட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். சோற்றைக் குழைய மசித்து, நாற்காலியை நிமிர்த்தி, தாடை நெஞ்சைப் பார்த்தபடி இருக்க, சிறு கரண்டியில் ஒரு வாய். முதல் விழுங்கலுக்குப் பின் இரண்டாவது தடவை தொண்டை அசைவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இந்த முறை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அது பெரியவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

காகிதங்கள் இருந்த நிலை

ரேஷன் கார்டு ஒன்றுதான். பெரியவர், இளையவர், மூத்த மகன், அவர் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். மூத்தவர் வெளியூர் போய் பத்து வருடம் கடந்தும் கார்டைப் பிரிக்கவில்லை. சர்க்கரையும் அரிசியும் அப்பாவுக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டிருந்தார்.

காப்பீட்டு அட்டை என்று ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அம்மா இருந்தபோது, 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் எடுத்தது. 2012 ஜனவரியில் அந்த இடத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது இவர்கள் புதிதாகப் பதியவில்லை. 2018-இல் அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று ஆனது. 2022 ஜனவரியில் வருமான வரம்பு 72,000-லிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. எதுவும் இந்த வீட்டை எட்டவில்லை. எட்டியிருந்தாலும் பயனில்லை. கார்டில் இருக்கும் மூத்தவரின் சம்பளமே ஆண்டுக்கு 2,16,000.

இளையவர் சிறு வயதில் போன சிறப்புப் பள்ளியில் நிராமயா காப்பீடு எடுத்துக் கொடுத்திருந்தார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டம் அது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு 1 லட்சம் வரை. வயது வரம்பு கிடையாது, மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, வெளிநோயாளிச் செலவும் தெரபியும்கூட உண்டு. ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பள்ளியை விட்டு வந்தபின் அதை நினைவூட்ட ஆளில்லாமல் காலாவதியாகிப் போனது.

இளையவரின் ஆதாரில் பதிந்திருந்த செல் நம்பர் இறந்துபோன அம்மாவுடையது. எண் கட்டாகி வருடங்கள் ஆகின்றன, ஆகவே ஓ.டி.பி. வராது. கை விரல்கள் இறுகி மடங்கியிருப்பதால் கைரேகையும் விழாது. தலை நிலையாக நிற்காததால் கருவிழிப் பதிவும் பல தடவை தவறும். ஆதார் அட்டை இருந்தும் அதைத் தன்னுடையது என்று நிரூபிக்க அவரிடம் வழியில்லை.

இவற்றில் எதுவும் அபூர்வமானதில்லை. எங்கள் குழுவுக்கு வரும் குடும்பங்களில் ஏதாவது இரண்டு மூன்று குறை எப்போதும் இருக்கும். இங்கே எல்லாம் ஒரே வீட்டில் இருந்தது.

விழுந்த இரவும் அடுத்த இரண்டு நாளும்

2023 ஜூன் 9, வெள்ளி இரவு. இளையவரைக் கட்டிலுக்கு மாற்றும்போது பெரியவர் கால் இடறி விழுந்தார். இடது காலை ஊன்ற முடியவில்லை. கால் கொஞ்சம் குட்டையாகவும் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். இடுப்பு முறிவுக்கு அது முக்கியமான அடையாளம். வயதானவர்களுக்கு அறுவை தள்ளிப்போகப் போக நுரையீரல் தொற்றும் படுக்கைப் புண்ணும் ரத்தக் கட்டும் வரும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் செய்துவிடுவது நல்லது.

108 ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னபோது பெரியவர் மறுத்துவிட்டார். சனிக்கிழமை நாங்கள் போனோம். தரையில் விரித்த பாயில் படுத்தபடியே, ஒருக்களித்து, கட்டிலில் இருந்த மகனுக்குப் பாலில் நனைத்த பன்னைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துட்டா இவனுக்கு எவன் கண்ணு சோறூட்டுவான்? பத்து நாள்ல செத்தே போயிருவான்" என்றார். பணத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

மூத்த மகன் ஞாயிறு மதியம் வந்து சேர்ந்தார். தெரிந்தவர் மூலம் ஒரு ஆளை நாளுக்கு 900 ரூபாய்க்குப் பேசி வைத்த பிறகுதான் பெரியவர் ஆம்புலன்ஸில் ஏறச் சம்மதித்தார். ஏறும்போதும் அந்த ஆளிடம் ஊட்டும் முறையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆளும் தலையை ஆட்டினார். இரண்டு நாள் இப்படிப் போனதற்குக் காப்பீடு இல்லாததும் பணம் இல்லாததும் காரணமில்லை. ஊட்ட ஆள் இல்லாததே காரணம்.

எந்த ஆஸ்பத்திரி

ஊரிலேயே இருந்த தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். அட்டை இருந்தால் திட்டத்தில் செய்யலாம், இல்லையென்றால் 1,60,000 ஆகும் என்றார்கள். அந்த இரவில் நான்கு வழிகள் முன்னால் இருந்தன.

வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்று வாங்கி, அவசரமாக அட்டை எடுப்பது முதலாவது. யாரைப் பிடிக்க வேண்டும் என்றுகூட ஒருவர் சொன்னார். அதை வேண்டாம் என்றோம். நெறி ஒருபக்கம் இருக்கட்டும், மூத்தவரின் சம்பளம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்குகளில் பதிவாகியிருக்கிறது. பின்னால் யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் அட்டை ரத்தாகும். அதோடு இளையவரின் பாதுகாப்பும் போகும்.

இரண்டாவது, மூத்தவரின் இ.எஸ்.ஐ. காப்பீடு. அவர் சம்பளச் சீட்டில் மாதா மாதம் 135 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தது, அதாவது சம்பளத்தில் 0.75 சதவீதம். இ.எஸ்.ஐ. சட்டப்படி, வருமானம் வரம்புக்குள் இருந்தால் சார்ந்திருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம். மூத்தவர் வேலைக்குச் சேர்ந்தபோது மனைவியையும் பிள்ளைகளையும் மட்டுமே எழுதியிருந்தார். "அப்பாவையும் போடலாம்னு யாரும் சொல்லலைங்களே" என்றார். ஆலை நிர்வாகம் சேர்த்துக் கொடுக்கச் சில நாள் ஆகும். அதுவரை உடைந்த எலும்போடு காத்திருக்க முடியாது. இதில் இன்னொன்றையும் கவனித்தோம். தம்பியை இ.எஸ்.ஐ.யில் சேர்க்கவே முடியாது. காப்பீடு செய்தவரின் சொந்தப் பிள்ளை உடலாலோ மனத்தாலோ இயலாதவராக இருந்தால் எந்த வயதிலும் குடும்பத்துக்குள் வருவார். உடன்பிறந்தவர் என்றால், காப்பீடு செய்தவர் மணமாகாதவராக இருந்து, பெற்றோரும் இல்லாத நிலையில், 18 வயதுக்குக் கீழ் இருந்தால் மட்டும். 36 வயதுத் தம்பி அந்தக் கணக்கில் யாருமே இல்லை.

மூன்றாவது, கடன் வாங்கித் தனியாரில் செய்வது. நான்காவது, மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம். ஆனால் வரிசை உண்டு.

நான்காவதைத் தேர்ந்தெடுத்தோம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ரத்தம் ஏற்பாடு செய்து, அறுவைப் பட்டியலில் இடம் கிடைத்து, ஜூன் 16 அன்று பாதி மூட்டு மாற்று அறுவை நடந்தது. விழுந்து ஏழு நாள் ஆகியிருந்தது. தனியாரில் மறுநாளே செய்திருப்பார்கள். அந்த வித்தியாசம் சின்னதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதைவிட ஒன்றரை லட்சம் கடன் இந்தக் குடும்பத்தில் இளையவரின் சாப்பாட்டிலேயே கை வைக்கும் என்று கணக்கிட்டோம். இன்னொரு தடவை இதே நிலை வந்தாலும் இதையேதான் சொல்வோம். அறுவை நன்றாகவே நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள்.

மகனின் காய்ச்சல்

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு, புதன் இரவு, வீட்டில் இருந்த இளையவருக்குக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஆள் நல்லவர்தான், அக்கறையோடுதான் இருந்தார். ஆனால் அவர் இதற்கு முன் பார்த்ததெல்லாம் படுத்த படுக்கையான பெரியவர்களை. தலையணையில் சாய்த்து, சீக்கிரம் முடியட்டும் என்று பெரிய கவளமாக ஊட்டியிருக்கிறார். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா ஆகிவிட்டது.

மூத்தவர் அப்போது அப்பாவோடு மருத்துவமனையில் இருந்தார். பக்கத்து வீட்டார் பதறிப்போய்க் கிட்டத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். நான்கு நாள் உள்நோயாளி, பில் 46,200. அண்ணியின் வளையலை அடகு வைத்துக் கட்டினார்கள். சேர்க்கும்போது இன்னொரு சிக்கலும் எழுந்தது. ஒப்புதலில் யார் கையெழுத்துப் போடுவது? வயது வந்தவர், தானே கையெழுத்திட முடியாதவர். இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு இருக்கிறது. இந்தக் குடும்பம் அங்கே போனதே இல்லை. அன்றைக்கு மூத்தவர் செல்போனில் பேசியதை வைத்து மருத்துவர் பெரிய மனது பண்ணினார்.

அப்பாவும் மகனும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கட்டில்களில் படுத்திருந்தார்கள். பெரியவரிடம் விஷயத்தை அறுவை முடியும்வரை சொல்லவில்லை. அது குடும்பத்தின் முடிவு. நாங்கள் அதில் தலையிடவில்லை.

வீடு திரும்பிய பிறகு

ஜூன் 24 அன்று பெரியவர் வீட்டுக்கு வந்தார். குனியக் கூடாது, தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தது. மகனின் எடை 38 கிலோ. மருத்துவ ஏட்டில் இது வெற்றிகரமான அறுவை. வீட்டில் மகனைத் தூக்கும் கை போய்விட்டது.

காப்பீட்டின் வடிவமே இங்கேதான் வெளிப்படுகிறது. அட்டை வைத்திருந்த குடும்பமாக இருந்தாலும் திட்டம் பணம் தருவது பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, அதுவும் மருத்துவமனையில் சேர்ந்தால். ஆயுஷ்மான் பாரத் விதிகளின்படி சேர்வதற்கு முந்தைய 3 நாளும் வீடு திரும்பிய பின் 15 நாளும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் இடமுண்டு. வெளிநோயாளிச் செலவுக்கு இடமில்லை. இடுப்பு முறிந்த முதியவருக்கு 15 நாளில் தையல் பிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். துணையில்லாமல் கழிவறைக்குப் போய்வர மாதக் கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் வேண்டியவை வாக்கர், உயரமான கமோடு நாற்காலி, டயாப்பர், பிசியோதெரபி, ஒரு ஆள். ஒன்றும் 'சிகிச்சை' என்ற தலைப்பில் வராது.

இந்த இடத்தில் கைகொடுத்தது காப்பீடு இல்லை, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மாநிலத் திட்டம். செவிலியர் வந்து சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்தார். பிசியோதெரபிஸ்ட் முறை வைத்து வந்தார். வந்தவர் அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்ததோடு நிற்காமல், இளையவரை நாற்காலியில் எப்படி உட்கார வைத்து ஊட்ட வேண்டும் என்று புதிதாக வந்த வேலையாளுக்குச் செய்தும் காட்டினார். அது அவர் பதிவேட்டில் எங்கும் ஏறாத வேலை. அந்த அரை மணி நேரத்துக்கு 46,200 ரூபாய் மதிப்பு உண்டு என்பது எங்கள் எண்ணம்.

கணக்கு

ஜூன் 9-இலிருந்து ஜூலை முதல் வாரம் வரை குடும்பம் கையிலிருந்து செலவழித்ததை மூத்தவர் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார். பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 26 நாள் கூலி 23,400. இளையவரின் மருத்துவமனை பில் 46,200. மூத்தவரின் சம்பளமில்லா விடுப்பால் இழப்பு 6,600. வண்டி, சாப்பாடு 5,300. வாக்கர், கமோடு நாற்காலி, டயாப்பர், வெளியே வாங்கிய மருந்து 9,500. ஆக 91,000. பெரியவரின் அறுவைக்கு என்று மருத்துவமனையில் கட்டியது ஒன்றுமில்லை.

திட்ட அட்டை கையில் இருந்திருந்தால் இதில் 46,200 குறைந்திருக்கும். மீதி 44,800 அப்படியே நின்றிருக்கும். அட்டை எடுத்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் எங்களைப் போன்ற குழுக்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும்.

காகிதங்களைச் சரிசெய்தது

ஜூலையில் நான்கு வேலைகளை ஒன்றாகத் தொடங்கினோம்.

ரேஷன் கார்டு பிரிப்புதான் அதிகம் இழுத்தது. மூத்தவர் குடும்பத்தின் பெயர்களை நீக்கி, அவர்களுக்கு வேறு கார்டு போட மனு. விசாரணைக்கு வந்தவர் தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்த்தார், கேஸ் புத்தகம் கேட்டார். கேஸ் இணைப்பு அம்மா பெயரிலேயே இருந்தது. அதை அப்பா பெயருக்கு மாற்றிய பிறகே கோப்பு நகர்ந்தது. கார்டில் இருவர் மட்டும் ஆனபின் வருமானச் சான்று 72,000-க்குக் கிடைத்தது: அண்ணன் அனுப்பும் 48,000, உதவித்தொகை 24,000. கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் அட்டை கைக்கு வந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது.

இதற்கிடையில் ஆலையில் சொல்லி அப்பாவை இ.எஸ்.ஐ.யில் சேர்த்தார்கள். இ.எஸ்.ஐ.க்கு அவர் மூத்த மகனைச் சார்ந்திருக்கும் பெற்றோர். ரேஷனுக்குத் தனிக் குடும்பத்தின் தலைவர். இரண்டுமே உண்மை. பணம் ஒரு வீட்டிலிருந்து வருகிறது, அடுப்பு வேறு வீட்டில் எரிகிறது. ஒவ்வொரு சட்டமும் தனக்கு வேண்டிய இடத்தில் குடும்பத்துக்குக் கோடு போடுகிறது. அந்தக் கோடுகளுக்கு நடுவில் நிற்பவர் இளையவர்.

ஆதாருக்கு, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்து, கருவியோடு வீட்டுக்கே வந்து கைரேகை விலக்குடன் புதுப்பிக்கச் செய்தோம். செல் நம்பர் அண்ணனுடையதாக மாறியது. நிராமயாவைத் திரும்ப எடுத்தோம். அதில் ஒரு குறை உண்டு: முதலில் நாம் கட்டிவிட்டு, பில்லை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். அடகு வைக்க வளையல் இருப்பவர்களுக்குத்தான் அது உடனடி உதவி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. நிராமயா அதில் சில வகைகளுக்கு மட்டும். இவருக்கு முதுகுத்தண்டு அடிபட்டு இதே அளவு முடக்கம் வந்திருந்தால் அந்தக் கதவும் திறந்திருக்காது.

தனியார் பாலிசி பற்றியும் மூத்தவர் விசாரித்தார். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், 67 வயதுக்குரிய பிரீமியம், அதன்மேல் அப்போது இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

2024 பிப்ரவரி

இளையவருக்கு மறுபடியும் நெஞ்சுச் சளி, காய்ச்சல். இந்தத் தடவை அட்டையோடு, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். கைரேகை விழவில்லை. யு.டி.ஐ.டி. அட்டையையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) மருத்துவச் சான்றையும் காட்டியதும் ஏற்றுக்கொண்டார்கள். முன்பணமாக 5,000 கேட்டார்கள். திட்ட நோயாளியிடம் கேட்கக் கூடாதே என்று சொல்லி, அங்கேயே நின்று திட்டத்தின் இலவச எண்ணான 1800 425 3993-க்குப் போன் போட்டபோது வாங்காமல் விட்டார்கள். முன் அனுமதி மறுநாள் வந்தது. ஐந்து நாளில் வீடு திரும்பினார். பில் எதுவும் கட்டவில்லை.

கையிலிருந்து போனது: இரவு பகல் கூட இருக்க ஆள், அப்பாவுக்குத் துணையாக வீட்டில் இன்னொரு ஆள். முதல் தடவையைப் போலவே இதற்கு யாரும் பணம் தரவில்லை. ஆனால் ஊட்டும் முறையை எழுதி, படத்தோடு நாற்காலியின் முதுகில் ஒட்டி வைத்திருந்ததால் வார்டு செவிலியரும் அதையே பார்த்து ஊட்டினார்.

எங்கள் நடைமுறையில் மாறியவை

ஒரு குடும்பம் வந்தால் முன்பெல்லாம் அட்டை இருக்கிறதா என்று தொடங்குவோம். இப்போது, பார்த்துக்கொள்பவர் நாளைக்கே படுத்துவிட்டால் யார் என்று கேட்கிறோம். பெரும்பாலான வீடுகளில் பதில் வருவதில்லை. அதனால் ஊட்டும் முறை, தூக்கும் முறை, மாத்திரை விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்குவதை அட்டைக்கு முந்தைய வேலையாக வைத்திருக்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் ஒருவர் பிள்ளையை மற்றவர் சில நாள் பார்த்துக்கொள்ளப் பழகுவதும் தொடங்கியிருக்கிறது. மெதுவாகத்தான் நடக்கிறது. தன் பிள்ளையை இன்னொருவர் கையில் விடப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை.

குடும்பத்தில் யார் மாதச் சம்பளத்தில் இருந்தாலும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறோம். இ.எஸ்.ஐ. பிடித்தமிருந்தால் பெற்றோர் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று அன்றைக்கே சரிபார்க்கச் சொல்கிறோம். கார்டைப் பிரிக்கும் யோசனையை, உண்மையிலேயே தனி அடுப்பு எரியும் வீடுகளுக்கு மட்டும் சொல்கிறோம். பாதுகாவலர் நியமன மனுவை, பிள்ளைக்கு 18 முடிந்தவுடன் போட்டுவிட வற்புறுத்துகிறோம். இறந்தவர் பெயரில் எந்த எண், எந்த இணைப்பு ஓடுகிறது என்ற கேள்வியும் இப்போது எங்கள் படிவத்தில் இருக்கிறது.

நம் கையில் இல்லாதவையும் உண்டு. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு, 70 வயது நிறைந்த எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் காப்பீட்டை அறிமுகம் செய்தது. ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பங்களின் முதியவர்களுக்குத் தனியாக இன்னொரு 5 லட்சம். நல்ல செய்திதான். 60-லிருந்து 69 வரை உள்ளவர்கள் இன்னும் வருமானச் சான்றோடுதான் நிற்க வேண்டும். ஊனத்துக்கு இப்படி வருமானம் பார்க்காத வழி எதுவும் அதில் இல்லை. உரிமைச் சட்டத்தின் பிரிவு 24, வேறு அரசுக் காப்பீட்டில் வராத மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் பற்றியும், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றியும் பேசுகிறது. நாங்கள் எழுதும் மனுக்களில் இப்போது அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுகிறோம்.

இப்போதைய நிலை

பெரியவர் வாக்கர் இல்லாமல் நடக்கிறார். தூக்குவதில்லை. காலையும் மாலையும் ஒரு அம்மாள் வந்து இளையவரைக் குளிக்கவைத்து நாற்காலிக்கு மாற்றுகிறார். மாதம் 4,500, அண்ணன் கொடுக்கிறார். ஊட்டுவதை மட்டும் பெரியவர் இன்னும் விடவில்லை. உள்ளூர் நிலைக் குழு, தந்தையையும் அண்ணனையும் சேர்த்துப் பாதுகாவலர்களாக நியமித்திருக்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுபவர் என்று அறிவிக்கக் கோரி, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 38-இன் கீழ் இளையவர் பெயரில் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். கூட வரும் அம்மாளின் சம்பளச் சீட்டுகளை அதோடு இணைத்திருக்கிறோம்.